முளைப்பயறு அடை

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியதே தவிர காற்று வரவில்லை. மேடையில் குற்றாலலிங்கம் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "கேக்குதா?" என்றார். முன்வரிசைக்காரர்கள் கேட்கிறது என்று தலையாட்டினார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில் இருந்த ஆவுடையம்மாளுக்குத்தான் கேட்காமலே போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கரண்ட் போகலாம். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கரண்ட் போகாத வாரம் உண்டா, இன்றைக்குப் பார்த்துப் போகமாட்டேன் என்கிறது. மேடைக்குப் பின்னால் பச்சை எழுத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். தாவர உணவாளர் மன்றம், மாதாந்திரக் கூட்டம், சைவ உணவே உடலுக்கு நலம், ஒரு சிறுநீரக நோயாளியின் அனுபவம். நோயாளி, மேடையில் நிற்கிற அவள் புருஷன். அனுபவத்தைச் சமைத்துப் போட்டவள் அவள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திய குரல், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினுக்கு ரத்தத்தைக் கொடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும் அப்படியே கணீரென்று இருந்தது. போன பங்குனியில் இந்தக் குரல் எங்கே போயிருந்தது? கட்டிலில் சுருண்டு கிடந்து, தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினார். அதையும் அவள் அளந்துதான் கொடுக்க வேண்டும், அரை டம்ளருக்கு மேல் கூடாது. கணுக்காலை அமுக்கினால் விழுந்த பள்ளம் அப்படியே நிற்கும். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இன்றைக்குக் கன்னத்தில் சதை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசுகிறார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையும் பொங்கியது, பயமும் பொங்கியது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அல்புமின்னு ஒண்ணு இருக்கு" என்று அவர் வகுப்பெடுக்க ஆரம்பித்தார். "ரத்தத்துல உள்ள புரதம். மூணரையாவது இருக்கணும். எனக்கு எவ்வளவு இருந்துது? ரெண்டு புள்ளி ஆறு. இப்ப எவ்வளவு? மூணு புள்ளி நாலு. எல்லாம் முளைப்பயறு அடையில ஏறினது." யாரோ கை தட்டினார்கள். இரண்டு புள்ளி ஆறு. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பேசியது அவள் காதில் இன்னும் இருக்கிறது. கிட்னி மாற்றிவிடலாம், உங்க வீட்டம்மாவே கொடுக்கச் சம்மதிச்சிட்டாங்க, எல்லாம் பொருந்துது, ஆனால் இந்தச் சத்து மூன்றரையைத் தொடாமல் கத்தி வைக்கமாட்டேன், தையல் ஒட்டாது, சீழ் பிடிக்கும், ஆள் தாங்கமாட்டார். பருப்பும் பாலும் கூட்டலாமே என்று இவர் கேட்டார். கூட்டினோமே சார், கூட்டினதில் பாஸ்பரஸ் ஏறி ராத்திரி பூராச் சொறிந்துகொண்டிருந்தது நீங்கள்தானே? எல்லாருக்கும் இது இல்லை, சைவமாகவே சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள், உங்கள் உடம்புக்குத் தோது வரவில்லை, முட்டையில் வெள்ளை மட்டும் தினம் நாலு சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர், உசிரு போனாப் போகட்டும்" என்றார் இவர். சொல்லிவிட்டுச் சிரித்தார் வேறே. "சைவக் கிட்னி வருது, சைவ உடம்புல வச்சுத் தையுங்க, நல்லா ஒட்டும்." டாக்டரும் சிரித்துவிட்டார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போனாப் போகட்டும் என்று சொல்ல அது இவருடைய உயிர் மாத்திரமா? கூடப் பிறந்த தம்பி மகன் கல்யாண ரிசப்ஷனில் ஒரு துண்டு கேக்கைத் தின்றுவிட்டு, அதில் முட்டை உண்டு என்று யாரோ சொன்னதும் வாஷ்பேசினில் போய் விரலை விட்டுக் குடல் வெளியே வர வாந்தி எடுத்தவர். இரண்டு நாள் வெறும் மோர் குடித்துக் கிடந்தவர். வீம்பில்லை. அவருக்கு நிஜமாகவே அது உள்ளே போகாது. அதனால்தான் அவளுக்கு அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

ரோஸ்லின் சிஸ்டர்தான் வழி சொன்னாள். டயாலிசிஸ் வார்டில் ஊசியைக் குத்திக்கொண்டே பேசுகிறவள். "சார்வாளுக்குத் தெரியாமக் குடுங்கம்மா. எங்க மாமியாருக்கு மாத்திரையே நான் அப்படித்தான் குடுக்கேன்." தெரியாமலா? முப்பத்தாறு வருஷத்தில் அவருக்குத் தெரியாமல் அவள் செய்தது என்று விரல் விட்டால் ஒரு விரல் நீளாது. மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளிப் போய், தெரிந்த முகம் இல்லாத கடையில், டஜன் முட்டை கேட்டாள். "கேக் போடவாம்மா?" என்றார் கடைக்காரர். "தலைக்குத் தேய்க்க" என்றாள். அவர் அவளுடைய தலையைப் பார்த்தார், நாலு முடி. சந்தேகப்பட்டிருப்பார், பட்டுவிட்டுப் போகட்டும். கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஐம்பத்தெட்டு வயசில் முதல்தடவையாக முட்டையைக் கையில் எடுத்தபோது அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. எங்கே தட்டுவது என்று தெரியவில்லை. தேங்காயைப் போலத் தட்டினாள், சிதறிப் போய்ப் புடவையெல்லாம் வழிந்தது. ரோஸ்லின் செய்து காட்டியபடி ஓட்டுக்கு ஓடு மாற்றி மாற்றி ஊற்றி வெள்ளையைப் பிரிக்க ஒரு வாரம் பிடித்தது. அதற்கென்று ஒரு அலுமினியக் கிண்ணம், புறவாசலில் சோப்புத்தூள் வாளிக்குப் பின்னால். அவர் ஏழு மணிக்குப் பூஜையில் உட்கார்ந்தால் இருபது நிமிஷம். அதற்குள் உடைத்து, பிரித்து, அடித்து, அடைமாவில் கலந்து, கிண்ணத்தைக் கழுவி, பம்படியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு உள்ளே வர வேண்டும். அந்தப் பக்கம் அவர் மணி அடிப்பார், இந்தப் பக்கம் அவள் முட்டை அடிப்பாள். முதல்நாள் அவர் தட்டில் அடையைப் போட்டுவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய் வைத்தார். "இன்னைக்கு அடை மெத்துன்னு இருக்கே" என்றார். இன்னும் ஒன்று கேட்டார். அவள் அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து அழுதாள். பயத்திலா, சந்தோஷத்திலா? அவர் பங்குனி மாசம் பூரா எதையும் இரண்டாவது கேட்டதில்லை.

மஞ்சள் கருவை என்ன செய்வது என்று ரோஸ்லின் சொல்லித் தரவில்லை. தினம் நாலு. நாய்க்கு வைக்கலாம் என்றால் நாய் வாசல் வரை வந்து நின்றுகொண்டு ஊரைக் கூட்டும். கறிவேப்பிலைச் செடியடியில் குழி தோண்டி ஊற்றி மூடினாள். ஒன்றரை மாசத்தில் அது புறவாசலை அடைத்துக்கொண்டு வளர்ந்தது. அவர் அதையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, காய்கறித் தோலை மக்கப்போட்டால் செடி எப்படி வரும் பாருங்கள் என்று அரைமணி நேரம் தழைச்சத்தும் மணிச்சத்தும் விளக்கினார். அவள் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். தாவரவியல் வாத்தியாருக்குத் தன் வீட்டுச் செடி எதைத் தின்று வளர்கிறது என்று தெரியவில்லை, தான் எதைத் தின்று தேறுகிறோம் என்றும் தெரியவில்லை. சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்ததோடு சரி. நம்பர் ஏற ஏற அவர் வாய் நீள ஆரம்பித்தது. இரண்டு புள்ளி ஒன்பது வந்தபோது வார்டில் பேசினார். மூன்று புள்ளி ஒன்று வந்தபோது கோயில் பிரகாரத்தில் பேசினார். இப்போது மைக். நான் என்ன கண்டேன், ஒரு மனுஷனுக்கு உடம்பு தேறினால் அவர் அதைப் பற்றிப் பேசுவார் என்று? பிழைக்க வைத்துவிட்டு வாயைக் கட்டவா முடியும்? இன்னும் மூன்று வாரம். ஆவணி பிறந்ததும் ஆபரேஷன். மூன்று புள்ளி நாலு, இன்னும் ஒரே ஒரு புள்ளி. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும், அப்புறம் இந்த ஜென்மத்துக்கும் முட்டையைத் தொடவேண்டாம். பாவம் எனக்கு, பலன் அவருக்கு என்று சுவாமியிடம் தினமும் சொல்லித்தான் விளக்கேற்றுகிறாள். மேடையில் இவர், "உடம்புக்கு எது ஆகும்னு உடம்புக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாரம்மா" என்று பக்கத்தில் மெல்லக் கூப்பிட்டாள் முத்துப்பேச்சி. வார்டில் அவர் கட்டிலுக்கு அடுத்த கட்டில் இவள் புருஷன் கொம்பையாவுடையது. ஆட்டோ ஓட்டினவன், முப்பத்தெட்டு வயசு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் சோறு இறங்காதவன். ஊசி குத்தி நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கிறவனுக்கு வாத்தியார் பாடம் எடுத்தால் தப்பித்து எங்கே ஓடுவான்? கேட்டான், நம்பினான். முத்துப்பேச்சி மடியில் அறுபது பக்க நோட்டு, கையில் பேனா. "பயற எத்தன மணி நேரம் ஊற வைப்பிய?" ராத்திரி பூரா என்றாள் ஆவுடையம்மாள். "நானும் அப்படித்தாம்மா. முளை ஒரு இஞ்சு வருது. அதுக்கு மேல வரணுமோ?" போதும் என்றாள். போதும், பேசாதே, மேடையைப் பார். "முட்டைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சும்மா. அப்ப இவுகளுக்கு மூணு இருந்துச்சு. முந்தாநாள் ரெண்டு புள்ளி மூணுன்னு வந்திருக்கு. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. ரோஸ்லின் சிஸ்டர் ஏசுதாவ. இவுக கேக்க மாட்டேங்காவ, சார்வாளுக்கு ஏறுதுல்லா, நமக்கும் ஏறும்ங்காவ." நோட்டின் ஓரத்தைச் சுருட்டினாள், விரித்தாள். "எங்கிட்டதாம்மா ஏதோ கோளாறு. மீனும் கறியும் பொங்குன சட்டியாச்சே, அதான் ஒட்டலையோன்னு எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டுப் புதுச்சட்டி வாங்குனேன். செவ்வா வெள்ளி தலைக்கு ஊத்திட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கேன். அப்பவும் பக்குவம் வரல. அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஆவுடையம்மாள் மேடையைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. புதுச்சட்டி. இவள் புதுச்சட்டி வாங்கியிருக்கிறாள். நான் அலுமினியக் கிண்ணம் வாங்கினேன், இவள் முட்டையை விட்டுவிட்டுப் புதுச்சட்டி வாங்கியிருக்கிறாள். இரண்டு புள்ளி மூன்று. இவருக்கு அது இரண்டு புள்ளி ஆறாக இருந்தபோதே சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ரோஸ்லின் ஏன் சொல்லவில்லை? சொல்லமாட்டாள், உங்க வீட்டு ரகசியம் என் வாயில இருந்து வராதும்மா என்று சத்தியம் செய்தவள் அவள், சத்தியம் வாங்கியவள் நான். தனியாகக் கூப்பிட்டு இவள் காதில் மட்டும் சொன்னால்? இவள் கொம்பையாவிடம் சொல்வாள். சார்வாளே முட்டைதான் தின்னுதார் என்று சொல்லாமல் அவனை எப்படித் தின்ன வைப்பாள்? செவ்வாய்க்கிழமை இவர் அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு பாடம் நடத்துவார், அவன் சிரிப்பான், அல்லது சண்டை போடுவான். எந்த வழியில் சொன்னாலும் இவர் காதுக்குப் போய்ச் சேரும். சேர்ந்தால் இவர் அடை தின்னமாட்டார். அடை மட்டுமா, அவள் கையால் எதையும் தின்னமாட்டார். மூன்று வாரத்தில் நம்பர் சரசரவென்று இறங்கும். கத்தி வைக்கமாட்டேன் என்பார் டாக்டர். சொல்லாவிட்டால் கொம்பையா தின்னமாட்டான். சொன்னால் இவர் தின்னமாட்டார். இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் இரண்டு பேரும் தின்கிற மாதிரி ஒரு வழி கிடைக்கவில்லை. யார் என்ன தின்றால் என்ன? கறி தின்று கெட்டவனும் அந்த வார்டில் கிடக்கிறான், தொடாமல் கெட்டவரும் அங்கேயே கிடக்கிறார், மெஷின் இரண்டு பேர் ரத்தத்தையும் ஒரே மாதிரிதான் சுற்ற விடுகிறது. இவருக்குச் சர்க்கரை வியாதி முறுக்கிலும் அல்வாவிலும் வந்தது, அவனுக்கு ரத்தக் கொதிப்பு கருவாட்டிலும் ஊறுகாயிலும் வந்தது. எந்தச் சாப்பாட்டுக்கும் யாரையும் காப்பாற்றுகிற உத்தேசம் கிடையாது. ஆனால் முத்துப்பேச்சிக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தது ஏழாம் வகுப்பு. எனக்கு ஏன் அது ஞாபகம் வருகிறது, மூன்று வாரம் கழித்துச் சொல்லலாமே, ஆபரேஷன் முடிந்த மறுநாளே சொல்லலாமே. மூன்று வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆகிவிடாதா? பங்குனியில் இவரை மூன்றே வாரத்தில்தான் கட்டில் விழுங்கியது.

கைதட்டல் கேட்டுத் திடுக்கிட்டாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்னைப் பேசச் சொன்னா நான் பேசுவேன், அடை சுடச் சொன்னா எனக்கு வராது" என்று மைக்கில் சிரித்துக்கொண்டிருந்தார் குற்றாலலிங்கம். "பக்குவத்த எங்க வீட்டுல அவளே சொல்லட்டும். ஆவுடை, இங்க வா." எழுந்தாள். புடவைத் தலைப்பு நாற்காலி ஆணியில் மாட்டியது, முத்துப்பேச்சி எடுத்துவிட்டாள், எடுத்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினாள். நடைபாதையில் நடந்தாள். பயறு ஊறவைக்கிறதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். யார் கேட்கப் போகிறார்கள். அவர் மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தார், முகம் பூராச் சந்தோஷம். தன் மாணவி மேடை ஏறினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். "பச்சப்பயறு ஒரு டம்ளர்" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "முளைகட்டி, கொதிதண்ணியில போட்டு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிரணும். பச்சரிசி அரை டம்ளர். மொளகா வத்தல் நாலு. பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாப் போடணும்." மூன்றாவது வரிசையில் பேனா ஓடுவது தெரிந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், பாவம், ஆசையாகத்தான் கேட்டார். "காயம் எதுக்கும்மா தூக்கலா? வாயுவுக்கா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "வாடை தெரியாம இருக்கதுக்கு" என்றாள். என்ன வாடை என்று அவர் கேட்டார். "முட்டை வாடை." மண்டபத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். ஆவுடையம்மாள் பக்கவாட்டில் திரும்பவில்லை, திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். "நாலு முட்டை. மஞ்சள எடுத்துட்டு வெள்ளைய மட்டும் நல்லா அடிச்சு மாவுல கலக்கணும். பேச்சி, எழுதிக்கோ. உன் சட்டியில ஒரு குத்தமும் இல்ல. உன் கையிலயும் இல்ல. இவுகளுக்கு ஏறுனது அதுலதான், பயறுல இல்ல." சொல்லி முடித்ததும் மேடையின் மரப்பலகையைத்தான் பார்த்தாள். மன்றத் தலைவர் "என்னம்மா இது, என்னம்மா இது" என்று எழுந்தார். பின்வரிசையில் நாற்காலிகள் உரசின. குற்றாலலிங்கம் மைக்கை மறுபடி தன் உயரத்துக்குத் தூக்கினார். அது இரண்டு தடவை சரிந்தது. "நான் சொன்னதுல ஒரு திருத்தம்" என்றார். "முளைப்பயறால எனக்கு அல்புமின் ஏறிச்சுன்னு சொன்னேன். அது தப்பு. எழுதினவங்க அடிச்சிருங்க." முத்துப்பேச்சி இருந்த பக்கம் திரும்பினார். "தம்பிக்கு இன்னைக்கு மத்தியானத்துல இருந்தே முட்டைய ஆரம்பிச்சிரும்மா. நான் சொன்னேன்னு சொல்லு." மைக்கை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஆவுடையம்மாள் எதிரே வந்து நின்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் துண்டால் வாயைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "எத்தன நாளா?" என்றார். "சித்திரையில இருந்து." "பிரதோஷத்தன்னைக்கும்?" "அன்னைக்கும்தான்." தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் இல்லாத முகம், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "இனிமே உங்கையால என்னால திங்க முடியாது ஆவுடை. வீம்புக்குச் சொல்லல. எறங்காது." தெரியும் அவளுக்கு. நாலு மாசமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பயந்தாள். அது வந்தே விட்டது, வந்த பிறகு பயம் போன இடத்தில் என்னவோ ஒன்று திகுதிகுவென்று எழுந்தது. "அப்போ ஆவணியில என்ன செய்வியளாம்?" என்றாள். அவர் நிமிர்ந்தார். "என் வயித்தக் கீறி, என் சதையில ஒரு துண்ட எடுத்து, உங்க வயித்துக்குள்ள வச்சுத் தைக்கப் போறாவ. சைவக் கிட்னின்னு சிரிச்சியளே. மொச்சக்கொட்டையா அது? ரத்தமும் சதையும்தானே? அத மட்டும் எப்படி உள்ள வாங்கிக்கிடுவிய?" உள்ளே யாரோ மைக்கில் சுண்டல் வாங்கிக்கொண்டு போகும்படி அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். இடுப்புப் பக்கம் அவர் பார்வை ஒரு தடவை போய்விட்டு வந்தது.

"அது நீ குடுக்கதுல்லா" என்றார்.

"அடையும் நான் குடுத்ததுதான் அத்தான்" என்றாள்.